கில்ட் வாங்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் இறங்கினால் கடைக்குக் கடை கில்ட் தொங்கும். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்பக்கம் மடிப்பு வைத்த கட்டம் போட்ட உடைதான் கில்ட். 50 பவுண்டு கொடுத்தால் கையோடு கட்டிக்கொண்டு வரலாம். அதே ஊரில் அளவெடுத்துக் கையால் தைக்கும் தையல்காரரிடம் போனால் 500 பவுண்டுக்குக் கீழே பேச்சே இருக்காது, பல வாரம் காத்திருக்கவும் வேண்டும். முன்பக்கம் நின்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. காசு போன இடமெல்லாம் பின்பக்கமும் உள்பக்கமும்தான்.

ஸ்காட்லாந்தில் படிக்கவோ வேலைக்கோ வந்து, நண்பரின் கல்யாணத்துக்கு "கில்ட் கட்டிட்டு வாங்க" என்று அழைப்பு வந்திருக்கிறதா? இந்த வரிசையில் யோசியுங்கள்.

1. எத்தனை தடவை கட்டுவீர்கள்?

ஒரு கல்யாணம், ஒரு பட்டமளிப்பு விழா, அவ்வளவுதான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். 100 பவுண்டு முன்னே பின்னே ஆகும். கில்ட்டோடு கோட்டு, முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, முழங்கால் வரை வரும் காலுறை, ஷூ எல்லாம் சேர்ந்தே வரும். உள்ளூர்க்காரர்களே பலர் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது கட்டுவேன் என்பவர்கள் மேலே படியுங்கள்.

2. துணியைத் தொட்டுப் பாருங்கள்

மலிவு கில்ட் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. லேசாக இருக்கும், சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும், மடிப்பு நிற்காது. அதற்கு ஒரு படி மேலே பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி-விஸ்கோஸ். வாஷிங் மெஷினில் போடலாம், மடிப்பும் ஓரளவு நிற்கும், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. பாரம்பரிய கில்ட் என்றால் வொர்ஸ்டட், அதாவது இறுக்கி வழவழப்பாக நூற்ற கம்பளி. அதை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள்: 11, 13, 16.

இந்த எண், இரட்டை அகலத் துணியில் ஒரு கெஜ நீளத்தின் எடை. முழு கில்ட்டுக்கு 8 கெஜம் என்பார்கள். ஒன்பது கெஜம் புடவை பார்த்து வளர்ந்தவர்கள் இதற்கு மலைக்க மாட்டார்கள்! பொதுவாக அந்த இரட்டை அகலத் துணியில் 4 கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து இணைத்துத்தான் அந்த 8 கெஜம் வருகிறது. ஆக 16 அவுன்ஸ் துணி என்றால் 64 அவுன்ஸ், கிட்டத்தட்ட 1.8 கிலோ. 13 அவுன்ஸ் என்றால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நடக்கும்போது பின்மடிப்பு அழகாக ஆடுவதற்கும், எடின்பரோ காற்றில் மானம் காப்பதற்கும் இந்தக் கனம்தான் காரணம். முதல் கம்பளி கில்ட்டுக்கு நான் சொல்வது 13 அவுன்ஸ். 16 அவுன்ஸ் கட்டிக்கொண்டு கூட்டமான அரங்கில் நடனமாடினால் வியர்த்துக் கொட்டும்.

ஒரு எச்சரிக்கை: அக்ரிலிக்கிலும் "8 கெஜம்" என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். கெஜம் மட்டும் தரத்தைச் சொல்லாது.

3. திருப்பிப் பாருங்கள்

முழு முடிவும் இங்கேதான். கில்ட்டை மேசையில் குப்புறப் போட்டு நிதானமாகப் பாருங்கள்.

முதலில் கட்டம். நல்ல தையல்காரர் ஒவ்வொரு மடிப்பையும் கணக்குப் போட்டு மடிப்பார். அத்தனை மடிப்புக்குப் பிறகும் பின்பக்கத்தில் முன்பக்கத்தின் அதே கட்டம் உடையாமல் தெரியும். இன்னொரு முறையில் எல்லா மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வரும். அது ராணுவப் பாணி. மலிவு கில்ட்டில் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சம அளவில் மடித்துக்கொண்டே போயிருப்பார்கள். கோடுகள் தாறுமாறாகக் குதிக்கும்.

அடுத்து, இடுப்பிலிருந்து புட்டம் வரை மடிப்புகளைத் தைத்து வைத்திருக்கும் பகுதி. கைத்தையலில் ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போக ஒடுங்கும். அதனால்தான் உடம்போடு ஒட்டி நிற்கிறது. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருந்தால் இடுப்பில் உப்பிக்கொண்டு நிற்கும்.

பிறகு உள்பக்கம். லைனிங்குக்கு அடியில் விறைப்பான கேன்வாஸ் துணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பக்கிள் வாரை இழுத்துக் கட்டும்போது அந்த இழுப்பைத் தாங்குவது அதுதான். அது இல்லாவிட்டால் மடிப்புகள்தான் தாங்க வேண்டும், நாளாக நாளாக இளித்துவிடும்.

கடைசியாகக் கீழ் ஓரம். பாரம்பரிய கில்ட்டில் மடித்துத் தைக்க மாட்டார்கள், துணியின் சொந்தக் கரையே கீழே வரும். மடித்து மெஷின் தையல் போட்டிருந்தால் அது ரெடிமேட்.

4. அளவு

ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். பாரம்பரிய கில்ட் தொப்புள் உயரத்தில் கட்டுவது. அங்கே ஒரு சுற்றளவு, புட்டம் அகலமாக இருக்கும் இடத்தில் ஒன்று, தொப்புள் உயரத்திலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை நீளம். இந்த மூன்றும் வேண்டும், வேறொருவர் எடுப்பது நல்லது.

ரெடிமேடில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது நீளத்தில். பெரும்பாலும் 24 அங்குலத்தில்தான் வரும். ஐந்தரை அடி உயரக்காரருக்கு அது முழங்காலை மூடிவிடும். மடிப்புள்ள துணியைக் கீழே வெட்டிச் சின்னதாக்குவது சுலபமான வேலையில்லை. ஆன்லைனில் வாங்கினால் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள்.

5. டார்டன்

டார்டன் என்பது கில்ட் துணியின் கட்ட வடிவம்; ஸ்காட்லாந்தின் குலங்களுக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. எந்தக் குலத்தின் கட்டத்தை யார் கட்டலாம் என்று சட்டம் கிடையாது. 2008 சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடு கட்டங்களைப் பதிவு செய்கிறது, அவ்வளவே. தயக்கமாக இருந்தால் பிளாக் வாட்ச் என்ற கரும்பச்சை-நீலக் கட்டத்தை எடுங்கள், யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மலிவுக் கடையில் இதுபோல நாலைந்துதான் இருக்கும். குறிப்பிட்ட ஒரு கட்டம்தான் வேண்டும் என்றால் பெரும்பாலும் கம்பளிக்குத்தான் போக வேண்டும்.

6. என் கணக்கு

மலையேற்றம், ரக்பி ஆட்டம், பீர் கொட்டும் கூட்டம் என்றால் பாலி-விஸ்கோஸ் 5 கெஜம். 600 பவுண்டு கம்பளியை அங்கே கொண்டுபோவது வீண். பேக்பைப் வாசிக்கும் பைப் பேண்டில் சேர்ந்தவர், இந்த ஊரிலேயே வேர்விட்டவர் என்றால் கையால் தைத்த கம்பளி. பக்கிளை நகர்த்தித் தைத்துக்கொள்ளலாம், அப்பா கட்டியதை மகன் கட்டுவது இங்கே சாதாரணம். 50 பவுண்டு அக்ரிலிக் மாறுவேடப் போட்டிக்குச் சரி, கல்யாண ஆல்பத்துக்கு வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: வாடகைக் கடைகள் பழைய கம்பளி கில்ட்டுகளைக் கழித்து விற்கும். மூன்றாம் படியில் சொன்னபடி சோதித்து வாங்கினால் நல்ல லாபம்.

சீட்டில் "ஸ்காட்லாந்தில் வடிவமைத்தது" என்றிருந்தால் தைத்ததும் அங்கேதான் என்று நினைக்க வேண்டாம். மலிவு கில்ட்டுகள் நிறைய பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகின்றன. ஊர் குற்றமில்லை, தையலைப் பாருங்கள். ஸ்போரன், பெல்ட், காலுறை, ஷூ இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

கட்டும்போது மடிப்பு பின்னால். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு துணிகளில் மேல்துணியின் ஓரம் உங்கள் வலது பக்கம். அலங்கார ஊக்கை மேல்துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முன்துணி இழுபட்டுத் தொங்கும், வேகமாகக் கால் எடுத்து வைத்தால் கிழியவும் செய்யும். உட்காரும்போது பின்மடிப்பைக் கையால் தடவிவிட்டு உட்காருங்கள்.