தெருப் புகார் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்கிறோம். சில நாள் கழித்து ‘பணி முடிந்தது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. தெருவோ இருட்டாகவே கிடக்கிறது. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ஊழியர் நிஜமாகவே வந்து, எந்தக் கம்பம் என்று தெரியாமல் திரும்பிப் போயிருக்கவும் கூடும். அவர் வருவது பெரும்பாலும் பகலில். அப்போது எல்லா விளக்கும் அணைந்துதான் இருக்கும்.

அதனால் முதல் தவறு, இடத்தைச் சரியாகச் சொல்லாதது. ‘பூங்கா பக்கத்தில்’ என்றால் நமக்குப் புரியும், வண்டியில் வருகிறவருக்குப் புரியாது. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைக் கொடுங்கள். பள்ளம் என்றால் எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, சாலையின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். புகார் பதியும் கைபேசிச் செயலி காட்டும் வரைபடப் புள்ளியை அப்படியே நம்ப வேண்டாம். திறந்தவெளியிலேயே கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை விலகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம், புள்ளி அடுத்த தெருவில் போய் விழலாம். வீட்டுக்கு வந்தபின் புகாரைப் பதிந்தால் வீட்டு வாசலே புகார் இடமாகப் பதிவாகிவிடும் ஆபத்தும் உண்டு. வரைபடத்தைப் பெரிதாக்கி, புள்ளியைக் கையால் நகர்த்தி வையுங்கள்.

படம் ஒன்று போதாது. பிரச்சினையைக் கிட்டத்தில் ஒன்று, சுற்றியுள்ள கட்டடங்கள் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய படத்தில் இடத் தகவல் அழிந்துவிடும், ஆகவே அசல் படத்தையே ஏற்றுங்கள். அக்கம்பக்கத்தார் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், அதிகப் புகார்களைக் கெடுப்பது எல்லாவற்றையும் ஒரே புகாரில் திணிக்கும் பழக்கம்தான். உடைந்த சாக்கடை மூடி, அள்ளாத குப்பை, எரியாத விளக்கு மூன்றையும் சேர்த்து எழுதினால் அது ஏதோ ஒரு பிரிவுக்குத்தான் போகும். குப்பையை அள்ளியதும் அவர்கள் கணக்கில் புகார் தீர்ந்தது. மூடியும் விளக்கும் அதோடு காணாமல் போகும். ஒரு பிரச்சினைக்கு ஒரு புகார் என்று பிரித்துக் கொடுங்கள்.

அறுந்து தொங்கும் மின்கம்பி, எரிவாயு வாடை, மூடியில்லாத ஆள்நுழைவுக் குழி போன்றவற்றைச் செயலியில் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். அறுந்த கம்பிக்குக் குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். படம் எடுக்கவும் கிட்டே போக வேண்டாம். அதேபோல, சாதாரணப் பள்ளத்துக்கு அவசர எண்ணை அழைப்பதும் தவறு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996-இல் 311 என்ற தனி எண்ணைக் கொண்டுவந்ததே, அவசரமல்லாத அழைப்புகள் 911 என்ற அவசர எண்ணை அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான்.

பக்கத்து வீட்டுச் சத்தம் போன்ற தொல்லைகளில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உங்கள் வீட்டின் எந்த அறையில் கேட்டது என்று குறித்து வையுங்கள். ‘எப்பவுமே இப்படித்தான்’ என்று எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கொள்ளப் புகாரைப் பயன்படுத்தினால், நாளைக்கு நீங்கள் நிஜத்தைச் சொன்னாலும் எடுபடாது.

‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று விட்டுவிடாதீர்கள். எல்லோருமே அப்படி நினைத்தால் பள்ளம் பெரிதாகிக்கொண்டேதான் போகும்; விரிசலில் இறங்கும் தண்ணீர் அடித்தளத்தை அரிக்க, மேலே ஓடும் வண்டிகள் மிச்சத்தைப் பெயர்த்துவிடும். பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் பிறர் கொடுத்த புகார்களை வரைபடத்திலேயே பார்க்கலாம். உங்கள் ஊர்ச் செயலியிலும் அந்த வசதி இருந்தால், புதிதாக இன்னொன்று பதியாமல் ஏற்கெனவே உள்ளதில் உங்கள் படத்தைச் சேர்த்துவிடுங்கள்.

வேலை முடியாமலே புகாரை மூடிவிட்டால் முதலிலிருந்து எழுதாதீர்கள். பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, அதே இடத்தில் அன்றைக்கு எடுத்த படத்தை இணைத்து, மீண்டும் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அசையவில்லை என்றால் அதே எண்ணோடு மேலதிகாரிக்கு எழுதுங்கள்.