பிரிவிலேஜ் ஃபாரத்தை எப்படி நிரப்புவது: புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குவாலிட்டி பிரிவில் பதினோரு வருடமாக டாக்டர்களின் ஃபைல்களைப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "எம்.எஸ். சர்டிஃபிகேட் கொடுத்துட்டேனே மேடம், அப்புறம் எதுக்கு இந்த நாலு பக்க ஃபாரம்?"

இதில் இரண்டு வேலை இருக்கிறது. உங்கள் படிப்பும் பதிவும் உண்மைதானா என்று பார்ப்பது கிரெடென்ஷியலிங். இங்கே என்னென்ன சிகிச்சையை நீங்கள் செய்யலாம் என்று முடிவு செய்வது பிரிவிலேஜிங். மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் அங்கீகாரத்துக்கு இரண்டும் வேண்டும்.

முதல் வேலைக்கு எம்.பி.பி.எஸ்., பி.ஜி. சான்றிதழ்களும் மெடிக்கல் கவுன்சில் பதிவும் கொண்டு வாருங்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எம்.எஸ். முடித்திருப்பார்கள், ஆனால் அதைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்திருக்க மாட்டார்கள். சேருவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களிடம் அவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வின் தேர்ச்சிச் சான்றும் கேட்போம். ஜெராக்ஸைப் பார்த்து டிக் போட்டுவிட முடியாது. கவுன்சில், பல்கலைக்கழகம், முன்பு வேலை பார்த்த மருத்துவமனை என்று மூலத்திலேயே கேட்டுச் சரிபார்க்கிறோம். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் ஃபைலைச் சீக்கிரம் கொடுங்கள்.

இனி ஃபாரம். எங்களுடையதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எதிரே மூன்று கட்டம் இருக்கும்: தனியாக, மேற்பார்வையில், கோரவில்லை. ஜெனரல் சர்ஜன் என்றால் குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ் எல்லாம் அடிப்படைப் பட்டியலில் வரும். லேப்பராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் பெருங்குடல் ஆபரேஷன் போன்றவற்றுக்குத் தனியாக ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் உங்கள் லாக் புக், அதாவது நீங்கள் பங்கெடுத்த கேஸ்களைக் குறித்து வைக்கும் நோட்டு. நீங்களே செய்ததையும் அசிஸ்ட் செய்ததையும் பிரித்து எழுதுங்கள்.

ஒருமுறை ஓர் இளம் சர்ஜன் எல்லாவற்றுக்கும் "தனியாக" என்று டிக் போட்டுக் கொடுத்தார். லாக் புக்கில் லேப்பராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷன் 22 இருந்தது, அதில் 19 அசிஸ்ட் செய்தவை. ஃபாரத்தைப் பார்த்து முடிவு செய்யும் கமிட்டி, சீனியரின் மேற்பார்வையில் பத்து கேஸ் செய்யச் சொன்னது. முகம் வாடித்தான் போனார். ஆனால் ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் சீனியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வருவார். நான்கு மாதத்தில் அந்தக் கட்டம் மாறிவிட்டது.

கமிட்டியில் மெடிக்கல் டைரக்டர், துறைத் தலைவர், ஒரு மயக்க மருத்துவர், வேறு துறை டாக்டர் ஒருவர் இருப்பார்கள். வேறு துறைக்காரர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. தெரிந்தவர் என்று விட்டுக்கொடுப்பதும், நமக்குப் போட்டியாகிவிடுவார் என்று தடுப்பதும் இரண்டுமே நோயாளிக்குச் செய்யும் துரோகம். உங்களுக்கு ஏதாவது மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சில விஷயங்களில் கமிட்டி மட்டும் முடிவு செய்ய முடியாது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்ய, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி அந்த மையத்தின் பதிவில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் அதிகபட்சம் இரண்டு மையங்களில்தான் பெயர் கொடுக்கலாம்.

எல்லாம் முடிந்ததும், நீங்கள் செய்யலாம் என்று அனுமதித்த சிகிச்சைகளின் பட்டியலில் ஒரு நகல் உங்களுக்கு வரும், இன்னொன்று தியேட்டருக்குப் போகும். இந்த இரண்டாவது நகலைப் பல டாக்டர்கள் பார்த்ததே இல்லை. எங்கள் தியேட்டர் கவுன்டரில் நீல ஃபைல் ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு கேஸ் புக் ஆனாலும் சிஸ்டர் அதைத் திறந்து, உங்கள் பெயருக்குக் கீழே விரல் வைத்து வரி வரியாகப் பார்ப்பார். இல்லையென்றால் "சார், இது உங்க லிஸ்ட்ல இல்லையே" என்பார். அவரிடம் கோபப்படாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தேவையானதை உடனே செய்யலாம், அதற்கு விதியிலேயே இடம் உண்டு. காரணத்தை அன்றைக்கே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து இதே ஃபாரத்தை மறுபடியும் தருவேன். அப்போது நீங்கள் செய்த கேஸ்கள், சிக்கல்கள், திரும்பத் தியேட்டருக்குப் போன நோயாளிகள் எல்லாம் மேஜைக்கு வரும். லாக் புக்கை இன்றிலிருந்தே எழுதி வாருங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) போதும்.