ஒரு ஷாட்டுக்குள் பயத்தை எப்படிக் கொண்டுவருவது?

பேயைக் காட்டுவதற்கு முன்னால் காலி இடத்தைக் காட்டுங்கள். நடிகரை ஃபிரேமின் ஓரத்துக்குத் தள்ளி, பின்னால் பாதி திறந்த கதவை விட்டுவிட்டால், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பார்ப்பவர் கண் தானாகப் போய் எதையோ தேட ஆரம்பித்துவிடும். லைட் ஒன்றே போதும், பக்கவாட்டில் வையுங்கள், பாதி முகம் இருட்டில் கிடக்கட்டும். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும், கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். 1922இல் வந்த ஜெர்மன் பேய்ப் படமான 'நோஸ்ஃபெராட்டு'வில் மாடிப்படிச் சுவரில் ஏறிப்போவது பேயின் வெறும் நிழல்தான்! நிறங்களைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள், சரி. அப்புறம் கேமராவைச் சாய்க்கும் ஆசை வரும். எல்லா ஷாட்டிலும் சாய்த்தால் பயம் வராது, கழுத்துதான் வலிக்கும். அதற்குப் பதில் அசையாத ஷாட்டை நாலைந்து விநாடி கூடுதலாக ஓடவிடுங்கள்.