மாற்றியமைத்த கிளட்ச் லைனில் காற்றெடுப்பது எப்படி

புதுச்சேரி முதலியார்பேட்டையில் வீட்டு வாசலில் நிறுத்தி, என் காரில் பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, எஃகுக் கம்பி பின்னிய ஹோஸை நானே மாட்டினேன். புதிய ஹோஸ் சற்று நீளமாக இருந்ததால், லேத் பட்டறையில் ஒரு தகடு வெட்டி வாங்கி, அந்த ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைச் சிறிது திருப்பிப் பொருத்த வேண்டியிருந்தது. அதன்பின், லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற நான்கு முறை காற்றெடுத்தும் பெடல் பாதி வரை வெறுமையாகவே இறங்கியது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கியர் கரகரவென்று உறுமியது. குறை நான் காற்றெடுத்த விதத்தில் இல்லை. சிலிண்டரைத் திருப்பியதில், காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான அதன் நிப்பிள், ஹோஸ் நுழையும் துளைக்குக் கீழே போய்விட்டிருந்தது.

காற்று எப்போதும் மேலேறி நிற்கும் என்பதால்தான் கம்பெனியில் நிப்பிளை சிலிண்டரின் உச்சியில் வைக்கிறார்கள். அது கீழே போய்விட்டால் எத்தனை முறை மிதித்தாலும் ஆயில் மட்டும் வெளியேறும். காற்று மேல் மூலையிலேயே தங்கிவிடும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம்; ஆகவே பெடலை மிதிக்கும் தூரத்தின் ஒரு பகுதி அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. கேபிள் கிளட்சை ஹைட்ராலிக்காக மாற்றுகிறவர்களும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நிப்பிள் எங்கே இருக்கிறது, ஹோஸ் எங்கேனும் வளைந்து மேலேறி இறங்குகிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

கிளட்ச் லைனிலும் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும்; எந்த வகை என்பது பெரும்பாலும் வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3 அல்லது டாட் 4 என்ற தரமாக இருக்கும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடற்காற்று வீசும் நம் ஊரில், சென்ற ஐப்பசி மழைக்காலத்தில் திறந்து வைத்த பாதி பாட்டிலை எடுத்து ஊற்றக் கூடாது. சீல் உடைக்காத சிறு பாட்டில் வாங்குங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5 வேறு, இதனுடன் கலக்கக் கூடாதது. எஞ்சின் ஆயிலோ ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பெயின்ட் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். துணியால் துடைத்து மட்டும் விட்டால் பெயின்ட் உரிந்து வரும்.

கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் வேண்டும். உப்புக் காற்றில் நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலைத் தெளித்துவிட்டு, ரிங் ஸ்பேனரால் மட்டுமே திருப்புங்கள். ஓப்பன் ஸ்பேனர் அதன் விளிம்பைத் தேய்த்துவிட்டால் சிலிண்டரையே மாற்ற நேரும்.

நிப்பிள் கீழே இருந்தால், ஹோஸைக் கழற்றாமல் ஸ்லேவ் சிலிண்டரின் போல்ட்டுகளை மட்டும் எடுத்து, நிப்பிள் உச்சியில் வருமாறு கையில் சாய்த்துப் பிடியுங்கள். பிஸ்டனை முழுதும் உள்ளே தள்ளி, அது வெளியே வராதபடி கிளாம்ப்பால் இறுக்கிய பிறகே பெடலை மிதிக்க வேண்டும். கிளாம்ப் இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் தெறித்து வெளியே விழும்.

நிப்பிளில் நிறமற்ற ட்யூபை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். என் மகன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். “மிதி” என்றேன், “மிதிச்சுட்டேன்பா” என்றான். நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறந்ததும், கடுகுமணிகளைப் போல் வெள்ளைக் குமிழ்கள் வரிசையாக ட்யூபில் ஓடின. நிப்பிளை மூடியதைக் கண்டு “விடு” என்றேன். மூடும் முன் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும் என்பதால், இந்த மூன்று சொற்களின் வரிசை மாறவே கூடாது. பெடல் தானாக எழவில்லையானால் கையால் தூக்கிவிடலாம். அவசரமாகப் பலமுறை மிதித்தால் குமிழ்கள் நுரையாக உடைந்து வெளியேறாமல் நிற்கும்; ஒவ்வொரு மிதிக்கும் இடையே சில நொடிகள் விடுங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்கள். அது வற்றினால் செய்த வேலையெல்லாம் வீண்.

குமிழ் நின்ற பின்னும் பெடல் மென்மையாக இருந்தால், பெரிய சிரிஞ்சில் புதிய ஆயிலை நிரப்பி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெல்லத் தள்ளலாம். ஹோஸ் மேலே வளைந்து செல்லும் வண்டிகளில் நான் முதலில் நாடுவது இந்த வழியைத்தான். முன்னதாக டப்பாவிலிருந்து பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையேல் பொங்கி வழியும். லைனில் பழைய அழுக்கு ஆயில் இருந்தால் அதை முதலில் மிதித்தே வெளியேற்றிவிட வேண்டும். கசடு, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் ஏறக் கூடாது.

பெடல் இன்னும் தாழ்வாக இருக்கிறதென்று மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை நீட்டிச் சரிக்கட்ட முயலாதீர்கள். பெடல் விட்ட நிலையில் புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தால்தான் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை திறந்திருக்கும். அது மூடினால் அழுத்தம் லைனிலேயே தங்கி, கிளட்ச் நழுவித் தேயும். ஸ்லேவ் சிலிண்டரின் அளவையே மாற்றியவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: 15.87 மி.மீ. உள்விட்டத்துக்குப் பதில் 19.05 மி.மீ. போட்டால் பரப்பு 1.44 மடங்காகிறது, அதே மிதிக்கு ஸ்லேவ் சிலிண்டரின் ராட் நகரும் தூரம் அந்த விகிதத்தில் குறைந்துவிடும். அதைக் காற்றென்று எண்ணி மிதித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

சிலிண்டரைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்து மூன்று எண்ணிய பின் ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழ வேண்டும். நான் அடுத்த நாள் காலை அரியாங்குப்பம் வழியாகக் கடலூர் வரை ஓட்டி, சிக்னல்களிலும் பஸ்களின் பின்னாலும் நின்று நின்று போனேன். மஞ்சக்குப்பத்தில் நிறுத்தி, ஹோஸ் முனையில் புதிதாகப் போட்ட செம்பு வாஷர்களைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். விரல் உலர்ந்தே இருந்தது.