குடியாத்தத்திலிருந்து ஜெர்மனிக்கு: செலவு அவர்களுடையது, அலைச்சல் நம்முடையது

போன மாதம் காட்பாடி ரயில் நிலையத்தில் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்த தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நீங்க போன மாதிரி நானும் போகணும். எவ்வளவு கட்டணும்?" எதுவும் கட்ட வேண்டாம் என்றேன். அவன் நம்பவில்லை. வளைகுடாவுக்குப் போக ஏஜெண்டிடம் பணம் கட்டியவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் எங்களுடையது. காசு வாங்காமல் எவன் வெளிநாட்டுக்கு அனுப்புவான் என்று சந்தேகப்படுவது நியாயம்தான். வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் போவது எப்படி என்று அன்றைக்கு ரயில் வரும்வரை அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் போனது ஜெர்மனியில் ஒரு சிற்றூருக்கு. மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் 12 மாதம் தன்னார்வலராக இருந்தேன்.

படி 1: முதலில் வீட்டில் பேசுங்கள்

இது வேலை இல்லை, சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, காப்பீடு, மாதம் கொஞ்சம் கைச்செலவுப் பணம், அவ்வளவுதான். வீட்டுக்குப் பணம் அனுப்பலாம், தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்க்கலாம் என்ற கணக்கோடு போகாதீர்கள். அப்பாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. "ஃபாரின் போய்ச் சும்மாவா வேலை பார்ப்ப?" என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் வரும். கடன் அடைக்க வேண்டிய நிலை என்றால் இந்த வழி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

படி 2: திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிதி உண்டு என்று போட்டிருந்தால் உடனே மயங்காமல் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: விமான டிக்கெட், விசாவும் காப்பீடும், தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கொடுக்கிறார்கள் என்று குறியுங்கள். பல திட்டங்களின் சாயம் அந்தத் தாளிலேயே வெளுத்துவிடும்.

எனக்குக் கிடைத்தது ஜெர்மன் அரசின் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற தன்னார்வத் திட்டம். 2008-ல் ஜெர்மன் இளைஞர்களை வெளியே அனுப்பத்தான் இதை ஆரம்பித்தார்கள். நம்மைப் போன்ற நாட்டு இளைஞர்கள் அங்கே போகும் 'தெற்கு-வடக்கு' பிரிவு 2013-ல் வந்தது. 18 வயது நிரம்பி, முப்பதைத் தொடாதவர்களுக்கானது. மேலே சொன்ன ஐந்தும் அதில் அடங்கும். அரசுக்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. இங்கே அனுப்பும் அமைப்பு ஒன்றும் அங்கே ஏற்கும் அமைப்பு ஒன்றும் கைகோத்திருக்க வேண்டும், நீங்கள் அனுப்பும் அமைப்பிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-ல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 18 முதல் 26 வயதுவரை இளையோர் பிரிவு, வாழ்க்கைச் செலவுக்கு மாதப்படி உண்டு. 'முழு நிதி' என்று வரும் பணியிடங்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பணம் போடும் நாடு பெரும்பாலும் தன் நாட்டுப் பிள்ளைகளுக்காகவே அதைப் போடும், ஆகவே தகுதிப் பத்தியில் குடியுரிமை வரியை முதலில் படியுங்கள். போட்டியும் கடுமை. எடுத்த எடுப்பில் இதற்குப் போவதைவிட, அவர்களுடைய இணையவழித் தன்னார்வப் பணியில் வீட்டிலிருந்தே ஒன்றிரண்டு செய்துபாருங்கள்.

இரண்டு மூன்று வாரம் போதும் என்பவர்களுக்கு எஸ்.சி.ஐ. (சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்) அமைப்பின் தன்னார்வ முகாம்கள் இருக்கின்றன. 1920-ல் தொடங்கிய பழைய அமைப்பு. தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, டிக்கெட் உங்கள் பொறுப்பு.

அப்புறம், ஏமாற்று. ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் கேட்பதில்லை. ஐ.நா. பெயரைச் சொல்லி 'பதிவுக்கு மட்டும் ஐயாயிரம்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள்.

படி 3: பாஸ்போர்ட், முக்கியமாக இனிஷியல்

பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் பதிந்து, 1500 ரூபாய் கட்டி, நாள் வாங்கிக்கொண்டு வேலூர் தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் சேவை மையத்துக்குப் போனால் போதும். நான் அடிபட்டது வேறு இடத்தில்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டத்தை நான் காலியாக விட்டேன். இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பிறகு விசா படிவம், காப்பீடு, ஒப்பந்தம் என்று எதைத் திறந்தாலும் முதல் கேள்வியே குடும்பப் பெயர். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நிரப்பி, கடைசியில் பாஸ்போர்ட்டையே மாற்றி எடுத்தேன். இன்னொரு 1500 ரூபாய், ஒரு மாதத்துக்கு மேல் தாமதம்.

ஆகவே முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயராக வையுங்கள். அதே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். 'h' ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஆள் வேறாகிவிடுவார்.

படி 4: உங்களிடம் அனுபவம் இருக்கிறது, எழுதத்தான் தெரியவில்லை

'அனுபவம் இல்லையே அண்ணா' என்று நிறைய பேர் சொல்கிறார்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தீர்களா? இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் முடித்த சான்றிதழ் எங்கே? பரணிலிருந்து இறக்குங்கள். இல்லம் தேடிக் கல்வியில் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தீர்களா? அதுவும் கணக்கில் சேரும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் இரண்டு தலைமுறையாக லாட்ஜ் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவனுக்கு நான் விண்ணப்பக் கடிதம் எழுத உதவினேன். முதல் வரைவில் 'மனித குலத்துக்குச் சேவை செய்வதே என் லட்சியம்' என்று தொடங்கியிருந்தான். கிழித்துப் போடச் சொன்னேன். அவன் நிஜமாகச் செய்துவந்தது வேறு: கொல்கத்தா பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து, மொழி தெரியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு வங்காளத்தில் பேசி, எந்தக் கவுண்டர், எங்கே ரத்தப் பரிசோதனை என்று கூடவே போய்க் காட்டுவான். அதையே எழுது என்றேன். ஒரு நாள், ஒரு பாட்டி, ஒரு வரிசை, அதில் அவன் என்ன செய்தான் என்று. நேர்காணலில் பாதி நேரம் அந்தப் பாட்டியைப் பற்றியே கேட்டார்களாம்.

உங்கள் கடிதமும் அப்படி இருக்கட்டும். ஒரு பக்கம் போதும். என்ன செய்தீர்கள், எதில் திணறினீர்கள், அங்கே போய் எதைக் கற்க வேண்டும், திரும்பி வந்து இங்கே என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்வி விசா நேர்காணலிலும் வரும்.

படி 5: மொழியும் ஒப்பந்தமும்

ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் தொடக்க நிலையான ஏ1-ஆவது முடித்துவிடுங்கள். கேட்காவிட்டாலும் முடியுங்கள், ஏனென்றால் இல்லத்தில் இருக்கும் பெரியவர்கள் உங்களுக்காக ஆங்கிலம் பேசப்போவதில்லை. தேர்வைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம். காட்பாடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், அன்றே திரும்பிவிடலாம். தேர்வுக் கட்டணம், பாஸ்போர்ட், ரயில் செலவு இதெல்லாம் பெரும்பாலும் நம் பையிலிருந்துதான் போகும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். வார வேலை நேரம், விடுப்பு நாட்கள், ஏதாவது பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். அங்கே ஓர் ஆண்டுப் பணியில் 25 நாள் பயிற்சி வகுப்புக்கென்றே ஒதுக்குவார்கள். அதைத் தவறவிடாதீர்கள், என் நண்பர்கள் எல்லாரும் அங்கே கிடைத்தவர்கள்தான்.

பெட்டி கட்டும்போது

அம்மா தரும் நெய் டப்பாவை வீட்டிலேயே விடுங்கள். வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. மிளகாய்த்தூள், ரசப்பொடி, புளி பரவாயில்லை. ரசப்பொடியை மட்டும் இரண்டு கவரில் போட்டுக் கட்டுங்கள். என் சட்டைகள் முதல் இரண்டு மாதம் முழுக்க ரசமாக மணந்தன.