சான்று முதலில், வாக்கியம் பிறகு: மாணவர்களின் முதல் விக்கிப்பீடியா கட்டுரை

கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்கு எழுதப் பொருள் பஞ்சமே இல்லை. அவர்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவைக்க விரும்பும் ஆசிரியர்களுக்காக இந்த வழிமுறை. எடுத்துக்காட்டுக்கு, கொடைக்கானல் மலைப்பூண்டை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தேடச் சொல்லுங்கள். 'மலைப்பூண்டு', 'மலைப் பூண்டு', 'கொடைக்கானல் பூண்டு' என்று மாற்றி மாற்றித் தேட வேண்டும். கட்டுரை ஏற்கெனவே இருந்தால் அதை விரிவாக்கலாம். சான்றில்லாத பத்தி ஒன்றுக்குச் சான்று சேர்ப்பதும் நல்ல பங்களிப்புதான்.

அடுத்து, பயனர் கணக்கு. மாணவரின் இயற்பெயர், பள்ளியின் பெயர், அலைபேசி எண் எதுவும் அதில் வேண்டாம். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் தொடங்கும் கணக்குகளுக்கு வரம்பு உண்டு. ஆகவே வீட்டிலேயே தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. கணினியை மூடிவைத்துவிட்டு, நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் தகவல், வலப்பக்கம் அது கிடைத்த இடம். '2019இல் புவிசார் குறியீடு பெற்றது' என்று இடப்பக்கம் எழுதினால், வலப்பக்கம் நாளிதழின் பெயர், செய்தித் தலைப்பு, தேதி வர வேண்டும். ஒரு பொருள் குறிப்பிட்ட பகுதிக்கே உரியது என்று காட்டும் புவிசார் குறியீடுகளைப் பதிவுசெய்யும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அது வெளியிடும் இதழில், விண்ணப்பித்த பொருளின் தன்மை, விளையும் பகுதி, சாகுபடி முறை எல்லாம் விரிவாக இருக்கும். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எந்த மொழிச் சான்றும் ஏற்கப்படும். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரி கட்டுரைக்குள் போகக் கூடாது.

இங்கேதான் பிள்ளைகள் முகம் வாடுவார்கள். "எங்கள் பாட்டி சொன்னது" என்று ஒரு மாணவி எழுதியிருப்பாள். விதைப்பூண்டை எப்படிப் பத்திரப்படுத்துவது என்பது அந்தப் பாட்டிக்கு அத்துப்படியாக இருக்கலாம். ஆனாலும் எங்கும் அச்சேறாத செய்தியை வாசகர் சரிபார்க்க முடியாது என்பதால் விக்கிப்பீடியா அதை ஏற்காது. அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெயர், நாள், இடம் குறித்துத் தனியே பதிவுசெய்து, பள்ளி ஆண்டு மலரில் வெளியிடுங்கள். அந்த அறிவு காப்பாற்றப்பட வேண்டியது, அதற்கு உரிய இடம் வேறு, அவ்வளவுதான்.

விற்பனைத் தளங்கள், விக்கிப்பீடியாவையே நகலெடுத்த வலைப்பக்கங்கள் இரண்டையும் சான்றாக வைக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் நூற்பட்டியலில், உண்மையில் யாரும் எழுதியே இராத நூல்களும் இடம்பெறலாம். மாணவர் தன் கண்ணால் படித்த பக்கம் மட்டுமே சான்று.

இப்போது மணல்தொட்டியைத் திறக்கலாம். பயனர் எழுதிப் பழகுவதற்கான பக்கம் அது. முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: 'மருத்துவ குணங்கள் நிறைந்த, உலகப் புகழ்பெற்ற நமது மலைப்பூண்டு.' நோட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 'உலகப் புகழ்' போகும், 'நமது' போகும். மருத்துவக் கூற்றுக்கு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரை வேண்டும், இல்லையென்றால் அதுவும் போகும். மிஞ்சுவது: 'கொடைக்கானல் மலைப்பூண்டு என்பது திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் பகுதியில் விளையும் பூண்டு. இது 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.' அலங்காரமில்லாத இந்த இரண்டு வரிகளும் யார் சரிபார்த்தாலும் நிற்கும். நாளிதழ் வாக்கியத்தை அப்படியே ஒட்டுவது பதிப்புரிமை மீறல். படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுதப் பழக்குங்கள்.

வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குப் பின்னால் சுட்டியை வைத்து, மேற்கோள் பொத்தானை அழுத்தி, இணைய முகவரியை ஒட்டினால் விவரங்கள் பெரும்பாலும் தானாக நிரம்பும். தேதியும் ஆசிரியர் பெயரும் விடுபட்டிருக்கலாம், கையால் நிரப்புங்கள். செய்திப் பக்கங்கள் திடீரென மறைந்துவிடும் என்பதால், வலைப்பக்கங்களின் நகல்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகலைச் சேமித்து அந்த இணைப்பையும் சேருங்கள்.

படம் சேர்ப்பதானால் மாணவரே எடுத்ததாக இருக்கட்டும். உள்ளிணைப்புகளும் (மற்ற விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கான இணைப்புகள்) பகுப்பும் (கட்டுரை எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறிப்பு) சேர்த்துவிட்டு, கட்டுரையை மணல்தொட்டியிலிருந்து பொதுவெளிக்கு நகர்த்துங்கள். புதிய கணக்கால் நகர்த்த முடியாவிட்டால் அனுபவமுள்ள பயனரிடம் கேட்கலாம். யாராவது 'சான்று தேவை' என்று குறியிட்டால், அந்தக் குறியை அழிக்காமல், கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் பதில் எழுதி, நோட்டின் வலப்பக்கத்தை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.