மருந்தைத் தேடும் முன் கோழியைப் பிடித்துப் பாருங்கள்

போன சித்திரையில் எங்கள் தோட்டத்தில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று உம்மென்று உட்கார்ந்துவிட்டது. இறகைச் சிலுப்பிக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறந்தது. எச்சம் தண்ணியாக, வெள்ளையாக இருந்தது. வெள்ளைக் கழிச்சல்தான் என்று நானே முடிவு கட்டி, சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டி மூன்று நாள் ஊட்டினேன். நாலாம் நாள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வந்து கோழியைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தார். “ஏங் கண்ணு, இரைப்பை கல்லாட்டங் கெடக்குது, இதுக்கு மேல உருண்டைய வேற திணிக்கறயா?” காய்ந்த கொழுக்கட்டைப் புல் உள்ளே பந்தாகத் திரண்டு அடைத்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே கோழி போய்விட்டது.

தூரத்தில் நின்று பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. கோழி கடைசி வரைக்கும் நோவைக் காட்டிக்கொள்ளாது. ஒடுங்கி உட்கார்கிறது என்றால் ஏற்கெனவே சில நாள் கடந்திருக்கும். ராத்திரி அடைந்த பிறகு டார்ச்சோடு போனால் துரத்தாமல் பிடிக்கலாம். நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் கத்தி முனை மாதிரி இருந்தால், பல நாளாகவே இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. குடற்புழுவை முதலில் சந்தேகப்படலாம். இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்திலும் இறகின் அடியைப் பிரித்தால் செல்லு, அதாவது கோழிப்பேன், ஓடுவது தெரியும். இரைப்பையை மட்டும் விடியற்காலை, தீனி போடும் முன் தடவ வேண்டும். ராத்திரி நிறைந்திருந்தது காலையில் காலியாகியிருக்க வேண்டும். அப்போதும் கெட்டியாக இருந்தால் அடைப்பு.

எச்சத்தைப் பார்த்துப் பயப்படுவது அடுத்த தவறு. நல்ல எச்சத்தின் மேலேயே வெள்ளைத் தொப்பி மாதிரி கொஞ்சம் இருக்கும். அது கோழியின் சிறுநீர் உப்பு. நடுநடுவே பழுப்பு நிறத்தில், பசை மாதிரி, மூக்கைப் பிடிக்க வைக்கும் எச்சம் ஒன்று போடும். குடல்வாலில் இருந்து வரும் அதுவும் சகஜம்தான். அக்கினி நட்சத்திர வெயிலில் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கும் கோழிக்குக் கழிச்சல் மாதிரிதான் போகும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்துவிட்டு, மறுநாளும் பாருங்கள். ரத்தம் கலந்து போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அதுவும் குஞ்சுகளுக்கு என்றால் ரத்தக் கழிச்சலாக இருக்கலாம், தாமதித்தால் வரிசையாகச் சாகும்.

சரி, உண்மையான வெள்ளைக் கழிச்சல் எப்படி இருக்கும்? பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழும், தப்பியது கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். இது வைரஸ் நோய். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலக்குவதால் இந்த வைரஸ் சாகாது. அந்த மருந்து முட்டை வழியாக நம் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் வரும். வந்த பிறகு தடுப்பூசி போட ஓடுவதும் வீண். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்று முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும்.

முட்டை விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். நாமக்கல் பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுவதைப் பார்த்துவிட்டு, நம் சிறுவிடை நாட்டுக்கோழி இடவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். நாட்டுக்கோழி 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும், 21 நாள் பொரிக்கும், அப்புறம் குஞ்சோடு திரியும். வருடம் முழுக்கக் கூட்டினாலும் 60, 80 வந்தால் பெரிது. அடைக்கோழி கூட்டை விட்டு எழாமல், கிட்டப் போனால் உடம்பை ஊதிச் சீறும். அதைச் சீக்கு என்று நினைத்து மருந்து ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்! இறகு உதிர்க்கும் காலத்திலும் முட்டை நிற்கும். பகல் குறைந்துவிட்டது, பல்ப் போடுங்கள் என்று குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. நமக்கு மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால், வித்தியாசமே அவ்வளவுதான். நம் ஊரில் முட்டையைக் குறைப்பது பெரும்பாலும் வெயில்.

இடுகிறதா இல்லையா என்பதை விரலே சொல்லும். பின்பக்கத் துவாரத்துக்குக் கீழே இரண்டு எலும்பு நுனிகள் தட்டுப்படும். நடுவில் இரண்டு, மூன்று விரல் நுழைந்து, துவாரம் அகலமாக ஈரமாக இருந்து, கொண்டையும் ரத்தச் சிவப்பாக இருந்தால் கோழி இட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கிளுவை வேலிக்குள்ளோ சோளத்தட்டுப் போருக்குள்ளோ தேடுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள், மத்தியானம் வரை பஞ்சாரக் கூடையைக் கோழி மேல் கவிழ்த்து வையுங்கள், உள்ளேயே இட்டுவிடும். எலும்புகளுக்கு நடுவே ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை என்றால் அது இடுவதை நிறுத்திவிட்டது.

வாலைத் தொங்கப்போட்டு, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். இதில் கை வைத்து அமுக்குகிறவர்கள்தான் கோழியைக் கொல்கிறார்கள். உள்ளே ஓடு உடைந்தால் முட்டை வரும் குழாயைக் கிழிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய கால் மணி நேரம் வைத்து, துவாரத்தில் எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விடுங்கள். அப்படியும் வராவிட்டால் கால்நடை மருத்துவர்தான். அடிக்கடி ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரமாவது தள்ளி வைத்து, அதற்குத் தீனி வைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சுணங்கியதை அறுத்துக் குழம்பு வைப்பதும், அவசரமாகச் சந்தைக்கு ஏற்றுவதும் வேண்டாம். திடீரென்று இரண்டு மூன்று சேர்ந்து செத்தால் வெறுங்கையால் தொடாமல், உடனே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னால், செத்த கோழியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஃப்ரீசரில் போட்டு உறைய வைத்தால் உள்ளுறுப்புகளை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.